தாள உணர்வை அளத்தல்: கணிப்பொறியும் புனே நகரின் இசைக் கல்வியும்

1874-ஆம் ஆண்டில் புனே நகரில் 'பூனா காயன் சமாஜ்' என்னும் இசைக் கழகம் தோன்றியது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1883-இல், அதன் கிளை ஒன்று சென்னையில் நிறுவப்பட்டது. அரண்மனைகளிலும் குரு வீடுகளிலும் வளர்ந்த இசை, பொதுமக்கள் கற்கும் கல்வியாக மாற வேண்டும் என்ற எண்ணம் இரு நகரங்களையும் அன்றே இணைத்தது. பின்னர் 1911-இல் பாஸ்கர்புவா பக்லே புனேயில் பாரத் காயன் சமாஜத்தை நிறுவினார். 1932-இல் விநாயகராவ் பட்வர்தன் காந்தர்வ மகாவித்தியாலயத்தைத் தொடங்கினார். இசை இவ்வாறு பள்ளிக்கூடத்திற்குள் நுழைந்தபோது அதனுடன் பாடத்திட்டமும் நுழைந்தது. பாடத்திட்டத்துடன் தேர்வும் நுழைந்தது. ஒரு மாணவரின் தாள உணர்வை நேர்மையாக, விரைவாக, குறைந்த செலவில் அளப்பது எவ்வாறு என்பதே இவ்வுரையின் பொருள்.

தேர்வின் எடை

விஷ்ணு திகம்பர் பலுஸ்கரின் மறைவுக்குப் பின் அவருடைய மாணவர்கள் அமைத்த அகில பாரதிய காந்தர்வ மகாவித்தியாலய மண்டலம், 'பிராரம்பிக்' முதல் 'அலங்கார்' வரை படிப்படியான தேர்வுகளை நாடெங்கும் நடத்தி வருகிறது. மாணவர் தேர்வாளர் முன் அமர்ந்து, கையால் தாளம் காட்டி, அதே தாளத்தை இருமடங்கு விரைவிலும் சொல்லிக் காட்ட வேண்டும். மகாராஷ்டிரத்தில் அங்கீகாரம் பெற்ற சாஸ்திரியக் கலைத் தேர்வுகளில் தேறியவர்களுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் வழங்கும் ஏற்பாடும் அண்மை ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்துள்ளது. இசைத் தேர்வின் விளைவு இப்போது இசை அரங்கோடு நின்றுவிடுவதில்லை. கல்லூரிச் சேர்க்கை வரை அது சென்று எட்டுகிறது. மதிப்பெண்ணுக்கு விலை ஏற ஏற, அதை நிறுக்கும் தராசும் நேராக இருக்க வேண்டும்.

புனே நகரின் தெருக்களை ஒருமுறை கவனித்தால் சிக்கல் விளங்கும். விநாயக சதுர்த்தி நாள்களில் டோல்-தாஷா குழுக்களின் இளைஞர்கள் மணிக்கணக்கில் பிசகின்றி முழக்குகின்றனர். ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் பண்டரிபுரம் செல்லும் பல்லக்குகள் இந்நகரைக் கடக்கும்போது, வார்க்கரிகள் கைத்தாளமும் பக்கவாஜும் கொண்டு நடந்தபடியே லயம் காக்கின்றனர். இவர்களுள் பலருக்குத் தாங்கள் வாசிக்கும் தாளத்தின் பெயர் தெரியாது. மற்றொரு புறம், கேட்டதைத் துல்லியமாக உணரும் சிறுமிக்குக் கை பழகாதிருக்கலாம். தாளத்தைக் கேட்டு உணர்தல், கையால் செய்து காட்டல், பெயரும் இலக்கணமும் கூறல் ஆகிய மூன்றும் வெவ்வேறு திறன்கள். வழக்கமான தேர்வு பின்னிரண்டையும் அளக்கிறது, முதலாவதை ஊகிக்கிறது. அந்த ஊகம் தவறினால், 'இப்பிள்ளைக்குத் தாளம் வராது' என்ற தீர்ப்பு ஒரு வாழ்வின் போக்கையே திருப்பிவிடக்கூடும்.

ஒரே வினாத்தாளின் குறை

கேட்டு உணரும் திறனைத் தனியே அளக்கும் முயற்சி புதியதன்று. அமெரிக்காவில் கார்ல் சீஷோர் 1919-இல் இசைத்திறன் அளவீடுகளைக் கிராமபோன் தட்டுகளாக வெளியிட்டார். தாளச் சோதனையும் பின்னர் அவற்றுடன் சேர்ந்தது. இரண்டு தாள வடிவங்களைக் கேட்டு, அவை ஒன்றா வேறா எனக் கூற வேண்டும். தட்டு எல்லார்க்கும் ஒரே வரிசையில்தான் ஒலிக்கும். திறமை மிக்கவர் எளிய வினாக்களில் நேரத்தை வீணாக்குவார். தொடக்க நிலையில் உள்ளவர் கடின வினாக்களில் கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பார். இவ்விரு வகை விடைகளாலும் அளப்பவர் புதிதாக அறிவது மிகக் குறைவு.

இதற்கு மாற்றான வழியையும் முன்னோர் அறிந்திருந்தனர். பிரெஞ்சு உளவியலார் ஆல்ஃபிரட் பினே தம் நுண்ணறிவுச் சோதனையில், குழந்தையின் நிலைக்கேற்ற வினாவில் தொடங்கி, விடையைப் பார்த்து மேலே ஏறவோ கீழே இறங்கவோ இடமளித்தார். நல்ல குருவும் இதையே செய்கிறார்: சீடன் மத்திம காலத்தில் தடுமாறினால் துரித காலத்தைக் கேட்பதில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பினேயையோ ஒரு குருவையோ அமர்த்த முடியாததால்தான் அச்சிட்ட வினாத்தாள் வென்றது. கணிப்பொறி மலிவானதும் பழைய வழி மீண்டது. அமெரிக்காவில் செவிலியர் உரிமத் தேர்வு 1994-இலும், மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வு 1997-இலும் ஆளுக்கேற்ப வினா மாறும் முறையை ஏற்றன. இம்முறையே தகவமைப்புச் சோதனை எனப்படும்.

வினாவைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு

இதன் அடிப்படைக் கணக்கை டென்மார்க் கணித அறிஞர் கியார்க் ராஷ் 1960-இல் வெளியிட்டார். மாணவரின் திறனையும் வினாவின் கடினத்தையும் ஒரே அளவுகோலில் குறிக்கலாம் என்பது அவர் கண்ட வழி. திறனும் கடினமும் சமமாக இருந்தால், சரியான விடைக்கு வாய்ப்புப் பாதிக்குப் பாதி. திறன் மிகுந்தால் வாய்ப்பு உயரும், குறைந்தால் தாழும். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் வினாவில் ஊகத்திற்கே பாதி வாய்ப்பு உண்டாதலால், சமநிலையில் வாய்ப்பு முக்காலாகிறது.

மென்பொருள் செய்யும் வேலை இவ்வளவே. ஒரு நடுத்தர வினாவைத் தருகிறது. விடை கிடைத்ததும் மாணவரின் திறனைப் புதிதாக மதிப்பிடுகிறது. அம்மதிப்பீட்டுக்கு மிக நெருங்கிய கடினம் உடைய வினாவை வங்கியிலிருந்து எடுக்கிறது. பிழையின் அளவு போதுமான அளவு குறைந்ததும், அல்லது குறித்த எண்ணிக்கை முடிந்ததும் நிறுத்துகிறது.

பொருளாதார மாணவர்களுக்கு இதில் பழகிய பாடம் ஒன்று உண்டு. மதிப்பீட்டின் பிழை, சேர்ந்த தகவலின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. பிழையைப் பாதியாக்க வேண்டுமெனில் தகவல் நான்கு மடங்காக வேண்டும். இறுதி வினாக்களின் பயன் முதல் வினாக்களின் பயனைவிடச் சிறிது. அவற்றின் செலவோ குறைவதில்லை. குழந்தையின் களைப்பையும் சேர்த்தால் செலவு கூடவே செய்கிறது. எங்கே நிறுத்துவது என்பது எல்லைப் பயன், எல்லைச் செலவு பற்றிய கேள்வியே ஆகும்.

தாளத்துக்கென அமைந்த சோதனை

2008-இல் அமெரிக்காவில் ஜான் ஐவர்சன், அனிருத் படேல் ஆகியோர் தாள அடிப் பொருத்தச் சோதனை ஒன்றை அமைத்தனர். இசைத் துண்டின் மீது 'பீப்' ஒலிகள் ஏற்றப்பட்டிருக்கும்; அவை இசையின் அடியோடு பொருந்துகின்றனவா எனக் கேட்பவர் சொல்ல வேண்டும். லண்டனில் பீட்டர் ஹாரிசன், டேனியல் முல்லென்சீஃபன் ஆகியோர் இதனைத் தகவமைப்புச் சோதனையாக மாற்றி 2018-இல் வெளியிட்டனர். அதில் ஒரே இசைத் துண்டு இருமுறை ஒலிக்கும். ஒன்றில் பீப் ஒலி அடியோடு பொருந்தும். மற்றதில் சற்றே முந்தியோ பிந்தியோ விழும். பொருந்தியது எது என்பதே வினா. விலகல் பெரிதாயின் வினா எளிது, சிறிதாயின் கடினம். நிமிடத்திற்கு 120 மாத்திரை செல்லும் இசையில் ஒரு மாத்திரை அரை விநாடி. அதில் பத்து விழுக்காடு விலகல் என்பது 50 மில்லி விநாடி. ஐந்து விழுக்காடு என்பது 25 மில்லி விநாடி.

இச்சோதனையின் சிறப்பு, வினாக்களைக் கணக்கின்படி ஆக்கிக்கொள்ள முடிவதில் இருக்கிறது. ஒரே இசைத் துண்டிலிருந்து விலகலை மாற்றி மாற்றிப் பல வினாக்கள் கிடைக்கின்றன. பாடுவதோ தட்டுவதோ தேவையில்லை. எழுதப் படிக்கவும் பெரிதாகத் தேவையில்லை. தாஷா வாசிக்கும் இளைஞரும் அலங்கார் தேர்வு எழுதுபவரும் ஒரே அளவுகோலில் நிற்க முடியும்.

மென்பொருளை நிறுவுதல்

இதற்கான மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கிறது. புள்ளியியலாளர் பயன்படுத்தும் 'ஆர்' என்னும் கணிப்பொறி மொழியில் அது எழுதப்பட்டது. வினாப் பக்கங்களை அமைக்கும் 'சைக்டெஸ்ட்ஆர்', வினாவைத் தேர்ந்தெடுக்கும் கணக்குகள் அடங்கிய 'கேட்ஆர்' ஆகிய தொகுப்புகளின் மேல் தாளச் சோதனை நிற்கிறது. மூலநிரல் திறந்து வைக்கப்பட்டிருப்பதால், கணக்கு எவ்வாறு செய்யப்பட்டது என்பதை எவரும் சரிபார்க்கலாம். பொதுத் தேர்வு நடத்தும் அரசுக்கு இது விலை மலிவைக் காட்டிலும் முக்கியமானது. பெற்றோர் ஒருவர் மதிப்பெண்ணை எதிர்த்து வினவும்போது, விடை பூட்டிய பெட்டிக்குள் இருத்தல் ஆகாது.

1988-இல் புனேயில் நிறுவப்பட்ட உயர்நிலைக் கணிப்பொறி மேம்பாட்டு மையம், 1991-இல் 'பரம் 8000' மீக்கணிப்பொறியை உருவாக்கியது. தாளச் சோதனைக்கு அத்தகைய ஆற்றல் வேண்டியதில்லை. ஒரு சாதாரண மடிக்கணிப்பொறி போதும். ஆயினும் நடைமுறையில் சில செய்திகள் கருதத்தக்கவை.

முதலாவது, ஒலியின் நேரம். கம்பியில்லாச் செவிக்கருவிகளில் ஒலி நூறு மில்லி விநாடிக்கு மேலும் தாமதமாக வரக்கூடும். 25 மில்லி விநாடியை அளக்கும் சோதனையில் இது பெருங்குறை எனத் தோன்றும். பீப் ஒலியும் இசையும் முன்கூட்டியே ஒரே கோப்பில் கலக்கப்பட்டிருந்தால் இரண்டும் சேர்ந்தே தாமதிக்கும், இடைவெளி மாறாது. ஆனால் மாணவர் திரையைத் தட்டித் தாளம் காட்டும் சோதனையைச் சேர்த்தால், இத்தாமதம் முழுவதும் மாணவர் கணக்கில் பிழையாக ஏறும். எனவே தொடக்கத்தில் கேட்டுத் தெரிவு செய்யும் சோதனை மட்டுமே ஏற்றது.

இரண்டாவது, இணையத் தொடர்பு. தேர்வின் நடுவே தொடர்பு அறுந்தால் மாணவர் பாதிக்கப்படுவார். மாவட்டப் பரிஷத் பள்ளிகளில் ஆசிரியரின் கணிப்பொறியையே வழங்கியாக வைத்து, அறைக்குள் மட்டும் இயங்கும் கம்பியில்லா இணைப்பு வழியாகச் சோதனையை நடத்தலாம்; வெளித் தொடர்பு தேவைப்படாது.

மூன்றாவது, மொழி. திரையில் தோன்றும் வாசகங்களை ஓர் அகராதிக் கோப்பில் தனியே வைக்க மென்பொருள் இடம் தருகிறது. மராத்தி வாசகங்களைச் சேர்க்க நிரலைத் தொட வேண்டியதில்லை. அவ்வாசகங்களை மொழிபெயர்ப்பாளரோடு தபலா ஆசிரியரும் பார்க்க வேண்டும். 'அடி', 'மாத்திரை', 'லயம்' ஆகியவை மாணவர் நாவில் வெவ்வேறு பொருள் பெறுவன.

நான்காவது, தனியுரிமை. 2023-ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை எனக் கருதிப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. பெயருக்குப் பதில் எண்ணால் விடைகளைச் சேமிப்பதே முறையாகும்.

அளவுகோலை மண்ணுக்கேற்ப மாற்றுதல்

மென்பொருளை நிறுவுவது ஒரு நாள் வேலை. அதனுள் இருக்கும் வினா வங்கியே உண்மையான சிக்கல். லண்டன் சோதனையின் துண்டுகள் மேலை இசையைச் சார்ந்தவை. அவற்றின் கடின மதிப்புகள் மேலை நாட்டுக் கேட்போரிடம் கணிக்கப்பட்டவை. புனே மாணவரை அவ்வங்கியால் அளப்பது, படியால் அளக்கும் தானியத்தை முழக்கோலால் அளப்பதற்கு ஒப்பாகும்.

இந்துஸ்தானி இசையில் வேறுபாடு இரண்டு இடங்களில் தோன்றுகிறது. ஒன்று காலப்பிரமாணம். விளம்பித ஏக்தாளில் ஒரு மாத்திரை நான்கு விநாடி நீளக்கூடும். அதில் பத்து விழுக்காடு விலகல் 400 மில்லி விநாடியாகும். மத்திய லயத்தின் 50 மில்லி விநாடியும் இதுவும் விகிதத்தில் ஒன்று; காதுக்கு ஒன்றல்ல. நீண்ட மாத்திரையைக் கேட்பவர், தபலா இடையில் நிரப்பும் சொற்களைப் பற்றிக்கொண்டே எண்ணுகிறார். ஆகவே காலப்பிரமாணத்தையும் கடினத்தின் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மற்றொன்று ஆவர்த்தனம். மேலைச் சோதனை அடியை மட்டுமே கேட்கிறது. இங்கே அடிகள் ஒரு வட்டத்தில் அமைந்து, 'சம்' என்னும் முதல் மாத்திரையில் வந்து சேர்கின்றன. 'காலி' என்பது வெற்று வீச்சு. தீன்தாளின் 16 மாத்திரைகளில் காலி ஒன்பதாவதில் தொடங்குகிறது என்பது இலக்கணம். ஆனால் பெருவழக்கான டேகாவில் இடக்கைத் தபலாவின் அடிநாதம் ஒடுங்குவது பத்தாவது முதல் பதின்மூன்றாவது வரையே. காதால் மட்டும் தாளம் கற்றவர் 'பத்து' என்று விடையளித்தால், அவர் தவறியவரா, கூர்ந்து கேட்டவரா? வினா எழுதுபவர் இதை முன்கூட்டியே முடிவு செய்யாவிடில், சோதனை மீண்டும் ஏட்டறிவையே அளக்கும். ரூபக் தாளம் காலியிலேயே தொடங்குகிறது. 'முதல் அடி அழுத்தமானது' என்ற மேலைக் கருத்து அங்கே செல்லாது.

கருநாடக இசைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மிச்ர சாபுவின் ஏழு மாத்திரைகள் சமமற்ற பகுதிகளாகப் பிரிகின்றன. சம இடைவெளி பீப் ஒலியை அதன்மேல் ஏற்றினால் வினாவே பொருளிழக்கும். சென்னையிலோ தஞ்சையிலோ இம்முயற்சியைத் தொடங்குவோர் தமக்கென வினா வங்கி அமைத்தாக வேண்டும்.

வங்கியை அமைக்கும் வழி

தொடக்கப் பொருள் ஓரளவு கைவசம் உள்ளது. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2011 முதல் 2017 வரை நடத்திய 'காம்ப்மியூசிக்' ஆய்வில் சென்னை, மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் பங்கேற்றன. தீன்தாள், ஏக்தாள், ஜப்தாள், ரூபக் ஆகிய நான்கு தாளங்களில் 151 இசைத் துண்டுகளுக்குச் சம்மும் மாத்திரையும் விழும் நேரங்கள் அவ்வாய்வில் குறிக்கப்பட்டன. உயிர்ப்பான கச்சேரியில் லயம் மெல்ல ஏறிச் செல்லும். பாடகர் அடியை வேண்டுமென்றே தாண்டி நிற்பார். எனவே மாத்திரை விழும் இடத்தைத் தபலா டேகாவைக் கொண்டே குறிக்க வேண்டும். இரண்டு தபலா கலைஞர் தனித்தனியே குறித்து, இருவரும் மாறுபடும் துண்டை விலக்கிவிடுவது பாதுகாப்பான முறை.

அடுத்தது கடினத்தைக் கணித்தல். ஒரு வினாவுக்கு இருநூறு பேரளவில் விடையளித்தால்தான் ராஷ் முறையில் நம்பத்தக்க மதிப்புக் கிடைக்கும் என்பது பொதுவான கருத்து. செலவின் பெரும்பகுதி இங்கேதான். இதைத் தவிர்த்துத் தொடங்கவும் ஒரு வழி உண்டு. செவிப்புலன் ஆய்வில் பழகிய படிக்கட்டு முறையை 1971-இல் லெவிட் விளக்கினார். தொடர்ந்து இரண்டு விடை சரியானால் விலகலைக் குறை. ஒன்று தவறினால் கூட்டு. மாணவர் ஏறக்குறைய 71 விழுக்காடு சரியாகச் சொல்லும் விலகலில் படிக்கட்டு நிலைகொள்ளும். இதற்கு முன்கணித்த வங்கி வேண்டாம். முதலாண்டில் இம்முறையில் நடத்தி, சேரும் விடைகளைக் கொண்டு இரண்டாம் ஆண்டில் கடின மதிப்புகளைக் கணிக்கலாம். முதலீட்டைத் தவணையாகப் பிரித்துக்கொள்ளும் முறை இது.

நேரமும் ஒரு பற்றாக்குறைப் பொருளே. 12 மாத்திரை ஏக்தாளின் ஓர் ஆவர்த்தனம், மாத்திரைக்கு நான்கு விநாடியாக, 48 விநாடி. இருமுறை கேட்பித்தால் 96 விநாடி. இத்தகைய 25 வினாக்களுக்கு ஒலி நேரம் மட்டுமே 40 நிமிடம். ஐந்து விநாடித் துண்டுகளாயின் சுமார் நான்கு நிமிடம். வினாவுக்கு எவ்வளவு தகவல் என்று மட்டும் பார்க்கும் மென்பொருளை, விநாடிக்கு எவ்வளவு தகவல் என்று பார்க்குமாறு மாற்றியமைத்தல் இங்கே பொருத்தமாகும்.

இறுதியாக, வினாச் சாய்வு. ஒரே திறனுடைய இருவர், ஒருவர் வார்க்கரி குடும்பத்தவர் என்பதாலோ மற்றவர் இசைப் பள்ளியில் பயின்றவர் என்பதாலோ ஒரு வினாவில் வேறுபட்டால், குறை வினாவினுடையது. அதை நீக்க வேண்டும். புனேயில் இப்பணிக்கு வேண்டிய அறிவு சிதறிக் கிடக்கிறது. 1962-இல் தோன்றிய ஞான பிரபோதினியில் உளவியல் சோதனைகளின் அனுபவம் உண்டு. பல்கலைக்கழகத்தின் லலித் கலா கேந்திரத்தில் இசையறிவு உண்டு. கணிப்பொறித் திறனுக்கு நகரில் குறைவில்லை. ஒரே மேசையில் இம்மூன்றும் அமர்வதற்கான ஏற்பாடே குறைவு. ஓர் அலுவலர் செய்யக்கூடிய பயனுள்ள பணி அது.

அளவின் எல்லை

எந்த அளவுகோலும் தன் வேலைக்கு அப்பால் சென்றால் தீங்கு செய்யும். தாள உணர்வுச் சோதனை ஒருவர் இன்று எவ்வளவு நுட்பமாகக் கேட்கிறார் என்பதைக் கூறும். நாளை அவர் என்ன ஆவார் என்பதைக் கூறாது. கேட்கும் நுட்பம் பயிற்சியால் வளர்வது. ஆகவே இச்சோதனை வகுப்பில் சேர்க்க மறுப்பதற்கான கதவாக ஆகிவிடக் கூடாது. எந்த லயத்தில், எந்த விலகலில் மாணவரின் காது தடுமாறுகிறது என்று ஆசிரியருக்குக் காட்டும் விளக்காகவே முதலில் பயன்பட வேண்டும். சில ஆண்டுகள் மதிப்பெண்ணோடு இணைக்காமல் நடத்தி, முடிவுகளை வெளியிட்ட பின்னரே தேர்வுடன் சேர்ப்பது பற்றிக் கருதலாம்.

இசையைப் பலருக்கும் உரியதாக்க முற்பட்ட புனே நகரத்தார், கற்பிக்க வழி கண்டனர். நேர்மையாக அளக்கும் வழி அன்று அவர்கள் கையில் இல்லை. இன்று ஒரு மடிக்கணிப்பொறியும், ஒரு செவிக்கருவியும், பொறுமையாகத் திரட்டிய வினா வங்கியும் இருந்தால் அது இயலும். தெருவில் தாஷா முழக்கும் சிறுவனின் காதில் உள்ள கணக்கு, அவன் எழுதாத வினாத்தாளால் மறைந்துபோகாமல் காப்பதே இம்முயற்சியின் பயன்.